ஒரே இளவரசர், ரெண்டு கல்லு: மதராஸும் கொழும்பும்

ஆன்சைட் போன நம்ம பசங்க கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. சிகாகோல இருக்கறவன் ஒரு தடவை டொராண்டோ போயிட்டு வந்தா போதும், அடுத்த ஒரு மாசத்துக்கு ஒப்பீடுதான். ரெண்டும் ஏரிக்கரை ஊரு, ரெண்டுலயும் குளிர் கொல்லும், ரெண்டுலயும் வானத்தைத் தொடற கட்டிடம். ஆனா ஒண்ணு அமெரிக்கா, இன்னொண்ணு கனடா. எங்க ட்ராஃபிக் கம்மி, எங்க இட்லி நல்லாருக்கும்னு விடிய விடிய பேசுவானுங்க. கேக்க சுவாரசியமாத்தான் இருக்கும்.

ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நம்ம வாசல்லயே அந்த மாதிரி ஒரு ஜோடி இருக்கே, அதை ஏன் யாரும் ஒப்பிட்டுப் பேசறதில்ல? சென்னையும் கொழும்பும்தான் சொல்றேன். ரெண்டும் கடற்கரை நகரம். ரெண்டையும் வளர்த்தது வெள்ளைக்காரன். ரெண்டுலயும் தமிழ் காதுல விழும். ஆகாய வழியா பாத்தா நடுவுல 700 கிலோமீட்டர்கூட இல்ல. டில்லி இதைப் போல ரெண்டரை மடங்கு தூரம். ஆனா டில்லியைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதிகூட கொழும்பைப் பத்தித் தெரியாது.

ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த வாரக்கடைசிகள்ல இதைப் பத்திப் படிச்சதைத் தொகுத்து எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி எதாவது எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கோட்டையும் பேட்டையும்

முதல்ல வயசுக் கணக்கு. இதுல கொழும்புதான் அண்ணன். போர்ச்சுகீசியர் 1505 வாக்கில் அங்க வந்து இறங்கி, 1518ல கோட்டை கட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடியே முஸ்லிம் வணிகர்கள் இருந்த துறை அது. 1656ல டச்சுக்காரங்க நீண்ட முற்றுகை போட்டுப் பிடிச்சாங்க. 1796ல ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆக மூணு எஜமானர்கள்.

மதராஸ் கதை உங்களுக்கே தெரியும். 1639ல ஃபிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் ரெண்டு பேரும் நாயக்கர் கிட்ட இடம் வாங்கி, அடுத்த வருஷமே செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்ப ஆரம்பிச்சது. நடுவுல 1746ல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு மூணு வருஷம் வச்சிருந்ததைத் தவிர, கடைசி வரைக்கும் ஒரே எஜமானர்.

இந்த வித்தியாசம் பேச்சுலயே தெரியும். இலங்கைத் தமிழர் ஆபீஸுக்குப் பழைய பேச்சுல 'கந்தோர்'னு சொல்லுவாங்க. அது டச்சு. ஷூவுக்குச் 'சப்பாத்து', ரொட்டிக்குப் 'பாண்', கடப்பாரைக்கு 'அலவாங்கு'. இதெல்லாம் போர்ச்சுகீசியம். மேசை டிராயருக்கு 'லாச்சி', திரும்பவும் டச்சு. நாம மட்டும் என்ன சுத்தமா? ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் குடுத்ததுதான். நம்ம மெட்ராஸ் பாஷையோட 'துட்டு' டச்சுக்காசு. பழவேற்காட்டுல 1600கள்லயே கோட்டை கட்டி உக்காந்திருந்தானே டச்சுக்காரன், சும்மாவா. 'கக்கூஸ்'கூட அவன் குடுத்ததுதான்னு சொல்றாங்க. அவன் கிட்டருந்து நாம வாங்கி வச்சிக்கிட்டது இந்த ரெண்டும்தான் போல :-)

ஊரோட அமைப்புல இன்னொரு ஒத்துமை. மதராஸ்ல கோட்டை, அதை ஒட்டி வணிகர்கள் இருந்த கருப்பர் நகரம். அதுதான் இப்ப ஜார்ஜ் டவுன். கொழும்புல கோட்டை, அதை ஒட்டிப் புறக்கோட்டை. புறக்கோட்டைக்கு இங்கிலீஷ் பேரு 'பெட்டா'. அது என்ன சொல்லுன்னு தேடிப் பாத்தா, நம்ம 'பேட்டை'! வண்ணாரப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, ராயப்பேட்டைல இருக்கற அதே பேட்டை. கோட்டைக்கு வெளிய இருக்கற ஊருக்குத் தென்னிந்தியால வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்ட தமிழ்ச்சொல், கடல் தாண்டி கொழும்போட பரபரப்பான பஜாருக்குப் பேராச்சு. முத்தாபுதுப்பேட்டைக்காரன் நான், இதைப் படிச்சப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு சொல்லணுமா என்ன!

ஒரே குடைக்குக் கீழே

இது பள்ளிக்கூடத்துல நமக்குச் சொல்லிக் குடுக்காத விஷயம். 1796ல கொழும்பைப் பிடிச்ச படை எங்கேர்ந்து போச்சு? மதராஸ்லேர்ந்து. பிடிச்ச கையோட இலங்கையோட கரையோரப் பகுதிகளை ஆண்டது யாரு? செயின்ட் ஜார்ஜ் கோட்டைதான். ஆக 1796லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குக் கொழும்புக்குத் தலைநகரம் மதராஸ்.

அந்த ஆட்சி எப்படி இருந்துச்சு? படு மோசம். மதராஸ்லேர்ந்து போன வரி அதிகாரிகள், அங்க காலங்காலமா இருந்த உள்ளூர் முதலியார்களை ஒதுக்கிட்டு, இங்கேர்ந்து அமல்தார்களையும் துபாஷிகளையும் கூட்டிட்டுப் போய் வச்சாங்க. நம்ம மாகாணத்துல வேலை செஞ்ச முறை அங்கயும் வேலை செய்யும்னு நினைப்பு. தென்னை மரத்துக்கு வரி போட்டாங்க. தென்னையை நம்பி வாழற கரையோர மக்கள் கிட்ட மரத்துக்கு இவ்ளோன்னு காசு கேட்டா சும்மா இருப்பாங்களா? 1797ல கலகம் வெடிச்சது. அதுக்கப்புறம் விசாரணைக் குழு போட்டு, 1798ல தனியா ஒரு கவர்னரை அனுப்பி, 1802ல கம்பெனி கிட்டேருந்து பிரிச்சு நேரடியா முடியாட்சிக் குடியேற்றமா மாத்திட்டாங்க.

இதை நான் ஒரு முக்கியமான திருப்பமாப் பாக்கறேன். மதராஸ் நிர்வாகம் அன்னிக்குக் கொஞ்சம் புத்திசாலித்தனமா நடந்திருந்தா, கொழும்பு மதராஸ் மாகாணத்துல ஒரு ஜில்லாத் தலைநகரமா இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. 'நடந்திருந்தா'ங்கறது சரித்திரத்துல செல்லாத காசுதான். ஆனா ரெண்டு ஊரும் ரெண்டு நாடா ஆனதுக்கு முதல் கோடு கிழிச்சது இந்தத் தென்னைமர வரின்னு சொன்னா தப்பில்ல.

அதுக்கப்புறமும் கப்பல் போய்க்கிட்டேதான் இருந்துச்சு. 1815ல கண்டி விழுந்ததும், கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816ல கொழும்புல கப்பலேத்தி மதராஸ் வழியா வேலூருக்குக் கொண்டு வந்து சிறை வச்சாங்க. 1832ல அங்கயே இறந்தார். அவர் நம்ம நாயக்கர் வம்சாவளி. எதிர்த்திசைல படிப்பு வந்துச்சு. மதராஸ் பல்கலைக்கழகம் 1857ல ஆரம்பிச்சப்ப முதல் பி.ஏ. பட்டதாரி யாரு தெரியுமா? யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்த சி.வை.தாமோதரம் பிள்ளை. தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் ஏட்டுலேர்ந்து அச்சுக்குக் கொண்டு வந்த அதே மனுஷன்தான்.

1875 டிசம்பர்

இப்பதான் தலைப்புல இருக்கற மேட்டருக்கு வர்றேன்.

1875ல விக்டோரியா மகாராணியோட மூத்த பையன், பின்னாடி ஏழாம் எட்வர்ட் ஆனவர், இந்தியா சுத்திப் பாக்க வந்தார். வழியில இலங்கை. டிசம்பர் 8ஆம் தேதி கொழும்பு துறைமுகத்தோட அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வச்சார். அங்கேர்ந்து கப்பல் ஏறி தூத்துக்குடி, அப்புறம் மதுரை, திருச்சி வழியா மதராஸ். டிசம்பர் 15ஆம் தேதி மதராஸ் துறைமுகத்துக்கும் கல் வச்சார்.

ஒரே கை, ஒரே வாரம், ரெண்டு ஊரு, ரெண்டுமே மனுஷன் கட்டற துறைமுகம். ரெண்டு ஊரை ஒப்பிட்டுப் பாக்க இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்குமா? நம்ம பாஷைல சொன்னா, ஒரே நாள்ல டிப்ளாய் பண்ண ரெண்டு சர்வர்.

அதுக்கு முன்னாடி நிலைமை என்ன? மதராஸ்ல துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடல்ல நிக்கும். சரக்கும் மனுஷனும் மசூலா படகுல அலையைத் தாண்டி வரணும். அந்தப் படகுல ஆணி அடிக்க மாட்டாங்க. பலகையைத் தென்னங்கயிறு போட்டுத் தைப்பாங்க. அலை அடிச்சா ஆணி அடிச்ச படகு உடைஞ்சுடும், தைச்ச படகு நெளிஞ்சு குடுக்கும். எஞ்சினியரிங்னா இது. புதுசா வர்ற கவர்னர்கூட இதுலதான் நனைஞ்சுக்கிட்டு வந்து இறங்கணும். 1861ல கடலுக்குள்ள இரும்புப் பாலம் ஒண்ணு கட்டினாங்க. அதுவும் பத்தல.

கொழும்புலயும் நிலைமை சுமார்தான். பெரிய தபால் கப்பல் எல்லாம் தெற்கே காலித் துறைமுகத்துக்குத்தான் போகும். கொழும்பு வாசல் தென்மேற்குப் பருவக்காத்துக்குத் திறந்தே கிடந்தது. ஆனா கண்டி மலைல விளையற காபி வண்டி வண்டியா கொழும்புக்கு வந்துக்கிட்டிருந்தது. 1867லயே கொழும்பு-கண்டி ரயில் வந்தாச்சு. காபிக்காரங்களுக்குக் கொழும்புல துறைமுகம் வேணும்.

கல் வச்ச பிறகு என்ன ஆச்சு?

கொழும்புல சர் ஜான் கூட் திட்டப்படி தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் பத்து வருஷத்துல எழும்பிடுச்சு. பருவக்காத்து அடங்கின தண்ணி கிடைச்சதும், காலிக்குப் போன கப்பல் எல்லாம் 1880கள்ல கொழும்புக்கு மாறிடுச்சு. அடுத்த இருபத்தஞ்சு வருஷத்துல இன்னும் சில சுவர் சேர்ந்து, ஆசியாவோட முக்கியமான துறைமுகங்கள்ல ஒண்ணாயிடுச்சு.

மதராஸ்ல? பார்க்ஸ்னு ஒரு எஞ்சினியர் திட்டம் போட்டார். கடலுக்குள்ள நீட்டின ரெண்டு கை, நடுவுல கிழக்கு பாத்த வாசல். வேலை முடியற கட்டத்துல 1881 நவம்பர்ல ஒரு புயல் வந்து சுவரை உடைச்சுப் போட்டுடுச்சு. திரும்பக் கட்டினாங்க. கட்டி முடிச்சா அடுத்த தலைவலி: மணல்.

நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெற்கேர்ந்து வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்கும். குறுக்கே சுவர் வச்சா என்ன ஆகும்? தெக்குப் பக்கம் மணல் குவியும், வடக்குப் பக்கம் மணல் கிடைக்காம கடல் கரையைத் தின்னும். குவிஞ்ச மணல் மெல்ல சுவரைச் சுத்தி வந்து வாசலை அடைக்கும். அதேதான் ஆச்சு. 1904ல பொறுப்பேத்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்தான் கிழக்கு வாசலை மூடிட்டு வடகிழக்குல புது வாசல் திறந்து துறைமுகத்தைக் காப்பாத்தினார். அவர் ரயில்வே எஞ்சினியர். நம்ம ராமானுஜன் போர்ட் டிரஸ்ட்ல குமாஸ்தாவா இருந்தப்ப சேர்மனா இருந்ததும் இவர்தான்.

தெக்குல குவிஞ்ச அந்த மணல்தான் இன்னிக்கு நாம சுண்டல் சாப்பிடற மெரினாவோட அகலம். கவர்னர் கிராண்ட் டஃப் 1880கள்ல நடைபாதை போட்டுப் பேரு வச்சார். ஆனா இவ்ளோ மணலைக் கொண்டு வந்து கொட்டினது துறைமுகச் சுவர். அதுக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் வீடுகளைத் தின்னுச்சு. கருங்கல் கொட்டித்தான் தடுக்கணும். தெக்கே இருக்கறவனுக்கு பீச், வடக்கே இருக்கற மீனவனுக்குக் கருங்கல். மெரினாவைப் பெருமையாச் சொல்லும்போது இதையும் சேத்துச் சொல்லணும்.

கொழும்புலயும் அதே மாதிரி காலி முகத்திடல் இருக்கு. கவர்னர் ஹென்றி வார்ட் 1859ல போட்டது. பெரிய புல்வெளி, பக்கத்துல கடல், சாயங்காலமானா குடும்பத்தோட மக்கள், காத்தாடி, வறுத்த இறால் வடை. மெரினாவுக்குத் தங்கச்சி மாதிரி. 2022ல அந்த நாட்டு அதிபரையே ஓட வச்ச போராட்டம் நடந்த இடம். மெரினால 2017ல ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் சேந்ததை நேர்ல பாத்தவங்களுக்கு அந்தக் காட்சி புதுசா இருந்திருக்காது.

கொழும்பு ஏன் முந்திச்சு?

புயலும் மணலும் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் வரைபடம். 1869ல சூயஸ் கால்வாய் திறந்தாச்சு. ஐரோப்பாலேர்ந்து சிங்கப்பூர், சீனா, ஆஸ்திரேலியா போற கப்பலுக்குக் கொழும்பு நேர்வழில இருக்கு. நிலக்கரி போட, தண்ணி பிடிக்க அங்க நின்னுட்டுப் போகலாம். மதராஸுக்கு வரணும்னா இலங்கையைச் சுத்தி வடக்கே ஏறணும். வேலை இருந்தாத்தான் வருவான்.

இன்னொண்ணு, கொழும்புக்குப் போட்டி இல்ல. அந்தத் தீவோட தேயிலை, ரப்பர், தேங்காய் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் வாசல். மதராஸுக்குக் கல்கத்தாவும் பம்பாயும் அண்ணனுங்க. மாகாணத்துக்குள்ளயே தூத்துக்குடி, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம்னு பங்காளிங்க.

ஆனா ஊரோட அளவுல மதராஸ் அடிச்சுக்க ஆளில்ல. 1901 கணக்கெடுப்புல மதராஸ் 5 லட்சத்துக்கு மேல, கொழும்பு ஒன்றரை லட்சம் அளவுல. நிலத்து வழியா வளந்த ஊரு நம்முது. தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடிச்சு. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர்னு எங்க ஏரியாவைக் கிழிச்சுக்கிட்டுப் போற அதே தடம். அந்தத் தடத்தை ஒட்டித்தான் பின்னாடி தொழிற்சாலைகள் வந்தது. 2011ல அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள்ள போச்சு. 2019ல ஆவடியே தனி மாநகராட்சி ஆச்சு. கொழும்பு மாநகரசபை இன்னிக்கும் 37 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சி 426. மதராஸ் மேற்கே மேற்கேன்னு நகர்ந்த ஊரு, கொழும்பு கடலைப் பாத்தே நின்ன ஊரு.

சுமந்தது யாரு?

கொழும்புத் துறைமுகத்துல ஏறின காபியும் தேயிலையும் யார் பறிச்சது? இந்தக் கேள்விக்குப் பதில் நம்ம பக்கத்துல இருக்கு. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஏழைச் சனங்க. இளவரசர் கல் வச்சுட்டுப் போன மறு வருஷம், 1876லேர்ந்து 78 வரைக்கும் மதராஸ் மாகாணத்துல பெரும் பஞ்சம். லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. ஒரு பகுதி சனம் மதராஸ்ல பஞ்ச நிவாரண வேலைன்னு பக்கிங்காம் கால்வாய் வெட்டிச்சு. இன்னொரு பகுதி கடல் தாண்டி மலைத் தோட்டத்துக்குப் போச்சு. மன்னார்ல இறங்கிக் காடு வழியா நடந்தே கண்டி மலை ஏறணும். வழியில காலராவுலயும் பசியிலயும் செத்தவங்க நிறைய.

முதல் போட்டது யாருன்னு கேட்டா, அதுலயும் நம்ம ஆட்கள் உண்டு. கொழும்பு செட்டியார் தெருவுல கிட்டங்கி போட்டு உக்காந்த நகரத்தார்கள். அவங்க கட்டின கதிரேசன் கோவில்கள்லேர்ந்து கிளம்பற ஆடிவேல் தேர் கொழும்போட பெரிய திருவிழா. ஒரே கடல்ல வட்டிக்காரரும் கூலிக்காரரும் போனாங்க. இறங்கின வாழ்க்கை வேறவேற.

1914 பிப்ரவரில பாம்பன் பாலம் திறந்ததும் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மதராஸ் எழும்பூர்ல ஏறி, தனுஷ்கோடில இறங்கி, இர்வின், கோஷன்னு பேர் கொண்ட சின்னக் கப்பல்ல தலைமன்னார் போய், அங்க நிக்கற ரயில்ல ஏறினா கொழும்பு. எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்! அதான் போட் மெயில். இன்னிக்கும் அந்தப் பேர் ராமேஸ்வரம் வண்டிக்கு இருக்கு, போட்தான் இல்ல. இப்ப நமக்கு விமானம், விசா, இமிக்ரேஷன் வரிசை. எங்க தாத்தா காலத்து ஆளுங்க கொழும்புக்குப் போயிட்டு வர்றதை மதுரைக்குப் போயிட்டு வர்ற மாதிரி பேசுவாங்க.

தொழிலாளிக்கு மட்டும் அது அவ்ளோ சுலபமா இல்ல. மண்டபத்துல இலங்கை அரசாங்கம் நடத்தின முகாம்ல தங்கி, நோய் சோதனை எல்லாம் முடிச்சுத்தான் கப்பல் ஏறணும். இந்திய மண்ணுல இலங்கைக்காரன் நடத்தின முகாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில வரும்.

ஒரே எதிரி, ஒரே பாட்டு

ரெண்டு ஊரும் சேந்து பயந்த கதையும் இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் மதராஸ் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திட்டுப் போச்சு. ஹைகோர்ட் சுவர்ல நினைவுக்கல் இருக்கு, பாத்திருப்பீங்க. அங்கேர்ந்து போய்க் கொழும்புப் பக்கக் கடல் வழில கப்பல்களை மூழ்கடிச்சது. நவம்பர்ல ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடிச்சு உடைச்சு, பிடிபட்ட மாலுமிகளைக் கொண்டு வந்து இறக்கின இடம் கொழும்பு. நமக்கு மிச்சமானது 'அவன் பெரிய எம்டன்டா'ங்கற வசனம்.

1942ல இது தலைகீழா ஆச்சு. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலைல ஜப்பான் விமானங்கள் கொழும்புல குண்டு போட்டது. அடி வாங்கினது கொழும்பு, காலி ஆனது மதராஸ்! அடுத்தது நாமதான்னு பயந்து, சில நாள்ல லட்சக்கணக்கான பேர் ஊரைவிட்டு ஓடினாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடும்னு சென்ட்ரலுக்குப் பின்னாடி மிருகக்காட்சி சாலைல இருந்த சிங்கம் புலியைச் சுட்டே கொன்னாங்க.

அப்புறம் ரேடியோ. அம்பதுகள்ல மத்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலில சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். தமிழ்நாட்டுச் சனம் என்ன பண்ணிச்சு? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி வச்சிடுச்சு. கோடம்பாக்கத்துல பதிவான பாட்டு, கொழும்பு போய், கடல் தாண்டித் திரும்ப வந்து ஆவடி டீக்கடைல ஒலிச்சது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்னா எங்கப்பா இப்பவும் உருகுவார். அரசாங்கம் கடல்ல கோடு போடலாம், மீடியம் வேவ்ல எப்படிப் போடறது?

1964

ஆனா கோடு போட்டாங்க. அதுவும் ஆழமா.

1948ல சுதந்திரம் வந்த வருஷமே, இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏழு லட்சம் பேர் அளவுக்கு நாடில்லாம ஆக்கிச்சு. இத்தனைக்கும் 1931லயே வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு கொண்டு வந்த நாடு அது. மதராஸ்காரனுக்கு அது கிடைக்க 1952 தேர்தல் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னாடி ஓடினவன்தான் முதல்ல கதவையும் சாத்தினான்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கணும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பின்னாடி பாத்துக்கலாம். அரிசி மூட்டை பிரிக்கற மாதிரி. அந்த மனுஷங்க கிட்ட யாரும் எதுவும் கேக்கல. ரெண்டு மாசம்கூட ஆகல, டிசம்பர் 22 ராத்திரிப் புயல் தனுஷ்கோடியை அழிச்சது. பயணிகளோட ஒரு ரயிலே கடலுக்குள்ள போச்சு. ஒரே டிக்கெட் பாதை அன்னியோட முடிஞ்சது.

அதுக்கப்புறம் ராமேஸ்வரத்துலேர்ந்து 'ராமானுஜம்'ங்கற கப்பல் ஓடிச்சு. அதுல பெரும்பாலும் வந்தது யாருன்னா, ஒப்பந்தப்படி 'தாயகம் திரும்பின' மலையகத் தமிழர்கள். பாதிப் பேர் தாயகத்தைப் பாத்ததே இல்ல. மண்டபம் முகாம் இப்ப அவங்களை வரவேற்கற முகாமாச்சு. தாத்தா போறதுக்கு நின்ன வரிசைல பேரன் வர்றதுக்கு நின்னான்.

1983 ஜூலைல கொழும்புல நடந்த இனக்கலவரத்தைப் பத்தி நான் விவரிக்க வேண்டியதில்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டைன்னு தமிழர் வீடும் கடையும் எரிஞ்சது. கப்பலும் நின்னு போச்சு. தப்பிச்சு வந்தவங்கள்ல ஒரு பகுதி நம்ம வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் வாடகை வீடு பிடிச்சாங்க. வசதி இல்லாதவங்க முகாம். எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல புழல்ல ஒண்ணு, கும்மிடிப்பூண்டில ஒண்ணு. 2021ல தமிழ்நாட்டுல நூத்துக்கு மேற்பட்ட முகாம்ல 58 ஆயிரம் பேர் இருந்தாங்க. அந்த வருஷம் 'அகதிகள் முகாம்'ங்கற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. பேரு மாறிச்சு. அங்கயே பிறந்து, இங்கயே படிச்சு, என் வயசுல இருக்கறவங்க பலருக்கு இன்னும் குடியுரிமை இல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை இல்ல. மிச்சமிருந்த மலையகத் தமிழருக்கு இலங்கையே 2003ல ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை குடுத்துடுச்சு. இந்த ஒரு விஷயத்துல நாம அவங்களைவிடப் பின்னாடி நிக்கறோம்.

ரெண்டு ஊரை ஒப்பிடறதுன்னா ரோடு, கட்டிடம், சாப்பாட்டோட நிறுத்திக்கலாம். ஆனா இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட சனத்தை விட்டுட்டு ஒப்பிட்டா, அது வெறும் டூரிஸ்ட் புத்தகம்.

இப்போ ஸ்கோர் என்ன?

இளவரசர் வச்ச ரெண்டு கல்லோட கணக்கைப் பாத்துடலாம். 2021ல கொழும்பு கையாண்ட கன்டெய்னர் 70 லட்சத்துக்கும் மேல. சென்னைத் துறைமுகம் அதுல நாலுல ஒரு பங்கைக்கூடத் தொடல. இந்தியாவுலயே முதல் கன்டெய்னர் முனையம் 1983ல மதராஸ்லதான் திறந்தாங்க. இருந்தும் இப்படி. இதுல வேடிக்கை, கொழும்புல கப்பல் மாறிப் போற கன்டெய்னர்கள்ல பெரும்பகுதி நம்ம நாட்டுச் சரக்குதான். ஸ்ரீபெரும்புதூர்லயும் திருப்பூர்லயும் செஞ்ச பொருள் சின்னக் கப்பல்ல கொழும்பு போய், அங்க பெரிய கப்பல் ஏறும். இதை மாத்தத்தான் கேரளாவுல விழிஞ்ஞம் கட்டியிருக்காங்க.

அதாவது மனுஷன் போற பாதையை ரெண்டு அரசாங்கமும் சேந்து மூடிச்சு. பெட்டி போற பாதை ஒரு நாளும் நிக்கல. பெட்டிக்கு யாரும் நீ எந்த ஊருன்னு கேக்கறதில்ல போல.

2023ல நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் திரும்ப விட்டாங்க. 2025ல புதுப் பாம்பன் பாலத்துல ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. மறுபடி ஒரே டிக்கெட் வருமான்னு தெரியல. ஆனா நண்பர்களே, அடுத்த லாங் வீக்எண்டுக்கு பாங்காக், பாலின்னு தேடறதுக்கு முன்னாடி கொழும்பு டிக்கெட் விலையை ஒரு தடவை பாருங்க. ஒண்ணேகால் மணி நேரம்தான். எனக்கு எங்க வீட்லேர்ந்து ஏர்போர்ட் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

அதுக்கும் முன்னாடி, உங்களுக்குத் தெரிஞ்ச கல்லூரியிலயோ கம்பெனியிலயோ முகாம்லேர்ந்து வந்த ஒருத்தர் இருந்தா, அவர்கிட்ட கொஞ்ச நேரம் பேசுங்க. ரெண்டு ஊர் வித்தியாசத்தையும் என்னைவிட அவர் நல்லாச் சொல்லுவார்.

டிஸ்கி: கிரிக்கெட்டை விட்டுட்டியேன்னு யாரும் சண்டைக்கு வரவேணாம். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1950கள்லேர்ந்து, மதராஸும் சிலோனும் எம்.ஜே.கோபாலன் கோப்பைக்காக மோதிக்கிட்டு இருந்தாங்க. கொழும்பு, மதராஸ்னு மாத்தி மாத்தி நடந்த அந்த மேட்ச்களுக்குன்னே ஒரு தனிப்பதிவு போடலாம். மேனேஜர் மனசு வச்சா அடுத்த மாசம் போடறேன் :-)